பின்மடல் ஹார்மோன் ரெண்டு குழாயோட நின்னு போகுது, யாராவது உதவுங்க

ஆய்வுமேசை:
வணக்கம். நாளன்னைக்கு கைடுகிட்ட கிராஃப் காட்டணும், அதனால அவசரமா கேக்கறேன். பிட்யூட்டரி பின்மடலை எடுத்து மின்தூண்டல் கொடுத்து, அது மேல ஓடி வழியற கரைசலை ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு குழாயா பிடிக்கறேன். முதல் ரெண்டு குழாயில வாசோபிரசின் (சிறுநீரைக் குறைச்சு உடம்பு நீரைக் காக்கற ஹார்மோன்) நல்லா வருது. மூணாவதுல பாதி கூட இல்ல. அஞ்சாவதுல, தூண்டாம இருந்தப்போ வந்த அளவுக்கே இறங்கிடுது. இத்தனைக்கும் தூண்டல் ஓடிக்கிட்டேதான் இருக்கு. மூணு தடவை செஞ்சாச்சு, மூணும் இப்படியேதான். நரம்பு முனை செத்துப்போகுதா? எங்க தப்பு பண்றேன்?

மின்முனை:
எந்த விலங்கு? முழு மடலா, அரைச்சுப் பிரிச்ச முனைகளா? வினாடிக்கு எத்தனை துடிப்பு, எவ்வளவு நேரம்? வெப்பநிலை? இதெல்லாம் தெரியாம என்ன சொல்ல முடியும்?

சுண்ணச்சத்து:
என் ஓட்டு கால்சியத்துக்கு. வெளிக்கரைசல்ல கால்சியம் இல்லைன்னா பொட்டாசியத்தைக் கூட்டித் தூண்டினாலும் பின்மடல்ல இருந்து வாசோபிரசின் வராதுன்னு டக்ளஸும் பாய்ஸ்னரும் 1964-லயே காட்டிட்டாங்க. துடிப்பு முனைக்கு வந்ததும் கால்சியம் உள்ள பாயணும், அப்பதான் ஹார்மோன் அடைச்சிருக்கற குமிழ் முனையோட சவ்வுல ஒட்டித் திறக்கும். உங்க பஃபர் (பிஹெச், அதாவது அமில-கார நிலை, மாறாம வைக்கறது) பைகார்பனேட்டா? கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு விடறது நின்னா பிஹெச் ஏறி, கால்சியம் கார்பனேட்டா பிரிஞ்சிடும். எனக்கு ஒரு வாரம் இப்படியே போச்சு. பாட்டிலைக் கறுப்பு அட்டைக்கு முன்னால பிடிச்சு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. மாவு கரைச்ச தண்ணி மாதிரி லேசா ஒரு மூட்டம் தெரிஞ்சா அதுதான். சும்மா வெளிச்சத்துல பார்த்தா தெரியவே தெரியாது.

மூத்தவாசகன்:
அடிப்படை தெரியாமல் பரிசோதனையில் இறங்கினால் இப்படித்தான் ஆகும் தம்பி. பின்மடல் ஹார்மோனைத் தயாரிப்பதில்லை. தயாரிப்பு மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில், சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிகுலார் உட்கருக்களில் (நரம்பணுத் தொகுப்புகளில்) நடக்கிறது. அங்கிருந்து ஆக்ஸான் என்னும் நீண்ட நரம்பிழை வழியாக இறங்கி முனையில் தங்குகிறது. நீங்கள் காம்பை வெட்டிவிட்டீர்கள், புதுச் சரக்கு வர வழியில்லை. இருந்தது தீர்ந்தது, அவ்வளவுதான். இது இளங்கலைப் பாடம். கைடைப் பார்க்கப் போகும் முன் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

அலைக்காட்டி:
சார், முதல் பாதி சரி, முடிவு சரியில்ல. எலியில ஒரு நியூரானுக்கே சுமார் 2,000 முனை இருக்கு. முனையில ஹார்மோன் அடைச்சிருக்கற ஒரு பைக்குள்ள சுமார் 85,000 ஹார்மோன் மூலக்கூறு. இவ்வளவு கையிருப்பும் பத்து நிமிஷத்துல காலியாகாது. சாக்ஸ்ங்கற ஆய்வாளரோட குழு 1960-கள்ல பார்த்ததும் அதுதான்: எவ்வளவு கடுமையா தூண்டினாலும் மொத்தத்துல 10-20 சதவீதம்தான் சட்டுனு வரும். மிச்சம் உள்ளயேதான் கிடக்கும்.

ஆய்வுமேசை, இதை நீங்களே சோதிக்கலாம். கடைசிக் குழாய் முடிஞ்சதும் மின்தூண்டலை நிறுத்திட்டு, பொட்டாசியம் 50 மில்லிமோலார் உள்ள கரைசலை விடுங்க. அது துடிப்பு இல்லாமலே முனையை நேராத் தூண்டும். கூட்டின அளவுக்கு சோடியத்தைக் குறைச்சிடுங்க, இல்லைன்னா சவ்வூடு அழுத்தம் மாறி, எதனால வந்ததுன்னு தெரியாமப் போயிடும். ஹார்மோன் எகிறினா சரக்கு தீரலை, துடிப்புதான் முனைக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். எகிறலைன்னா சார் சொல்றதை யோசிக்கலாம்.

கண்ணாடிக்குழாய்:
வாசோபிரசின் ஒரு பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு), பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். கரைசல்ல கொஞ்சம் ஆல்புமின் புரதம் போட்டுப் பாருங்க, சரியாயிடும்.

அலைக்காட்டி:
ஆல்புமின் போடறது நல்ல பழக்கம்தான். ஆனா குழாய் ஒவ்வொண்ணும் புதுசு. ஒட்டறதுதான் காரணம்னா முதல் குழாயிலயும் குறைஞ்சிருக்கணுமே?

ஆய்வுமேசை:
மன்னிக்கணும், விவரம் சொல்லாம விட்டுட்டேன். எலி. முழு மடல். வினாடிக்கு 10 துடிப்பு, விடாம 10 நிமிஷம். 35 டிகிரி. ஹெப்பீஸ் பஃபர், பைகார்பனேட் இல்ல. கால்சியம் 2 மில்லிமோலார். டார்ச் அடிச்சும் பார்த்தேன், மூட்டம் இல்ல.

சுண்ணச்சத்து:
ஹெப்பீஸ்னா நான் சொன்னது பொருந்தாது. பாஸ்பேட் ஏதும் சேர்த்திருக்கீங்களான்னு மட்டும் பார்த்துக்குங்க.

மின்முனை:
"விடாம 10 நிமிஷம்." விஷயம் இங்கதான் இருக்கு. உயிரோட இருக்கற எலியில உடம்பு நீர் வத்தும்போது வாசோபிரசின் நியூரான் விடாம துடிக்கறதில்ல. பல வினாடி தொடர்ந்து துடிக்கும், அப்புறம் பல வினாடி சும்மா இருக்கும், மறுபடி துடிக்கும். அந்த மாதிரி விட்டு விட்டுக் கொடுத்தா பின்மடல் அதிக ஹார்மோனை விடுதுன்னு டட்டனும் டைபாலும் 1979-ல காட்டினாங்க.

காரணம் முனைக்குள்ளயே இருக்கு. துடிப்புகள் வரிசையா வரும்போது, ஒவ்வொரு துடிப்பையும் முடிச்சு வைக்கிற பொட்டாசியம் சானல்கள் (சவ்வுல பொட்டாசியம் போற வாசல்கள்) கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்குது. அதனால துடிப்போட அகலம் கூடுது, ஒரு துடிப்புக்கு உள்ள வர்ற கால்சியமும் கூடுது. உங்க முதல் ரெண்டு குழாய் நல்லா இருந்ததுக்கு இது ஒரு காரணம். ஆனா அதே கால்சியம் உள்ள சேரச் சேர, கால்சியத்தால திறக்கற வேற பொட்டாசியம் சானல்கள் திறந்துக்குது. அப்புறம் துடிப்பு முனைக்குள்ள பரவாமலே நின்னுபோகும். போதாக்குறைக்கு கால்சியம் சானல்களும் களைச்சுப்போகும். நடுவுல வர்ற அமைதியிலதான் இது ரெண்டும் பழைய நிலைக்குத் திரும்புது.

இது ஊகமில்ல, முனையிலயே அளந்து பார்த்தது. பெரும்பாலான நரம்பு முனைகள் பிப்பெட் (மின்னோட்டம் அளக்கற மெல்லிய கண்ணாடிக் குழல்) வைக்க முடியாத அளவுக்குப் பொடிசு. பின்மடலை மெல்லிசா சீவி நுண்ணோக்கியில வச்சா, நூல்ல கோத்த மணி மாதிரி வீக்கங்கள் தெரியும். பெரிசா இருக்கறது 10 மைக்ரோமீட்டர் வரைக்கும் இருக்கும். கண்ணாடிப் பிப்பெட்டை மேல வச்சு லேசா உறிஞ்சினா சவ்வு ஒட்டிக்கும். நான் முதல் தடவை அப்படி ஒட்டவச்சு, ஒரே ஒரு முனையோட மின்னோட்டத்தைத் திரையில பார்த்த அன்னிக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல.

20 வினாடி தூண்டல், 20 வினாடி இடைவெளி கொடுங்க. மொத்தத் துடிப்பு 6,000-ஐ மாத்தாதீங்க, இல்லைன்னா ஒப்பிட முடியாது.

சொல்வேட்டை:
நல்ல விளக்கம். ஒரு சின்ன வேண்டுகோள்: ஒருத்தர் குமிழ்ங்கறார், ஒருத்தர் பைங்கறார். 'நுண்குமிழ்'னு ஒரே சொல்லா எழுதலாமே.

அலைக்காட்டி:
குமிழ்னாலே உள்ள காத்துதான் நினைவுக்கு வரும். இது 160-200 நானோமீட்டர், உள்ள ஹார்மோனும் அதோட சேர்ந்திருக்கற நியூரோபைசின் புரதமும் இறுகிக் கிடக்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில கறுப்பாத் தெரியும். அதே முனையில 50 நானோமீட்டர்ல, உள்ள வெளிறின பொடிசும் உண்டு. ரெண்டையும் நுண்குமிழ்னா எப்படிப் பிரிச்சுச் சொல்றது? பெரிசுக்கு 'பொதி' பொருந்தும்.

சொல்வேட்டை:
பொதின்னா கட்டின மூட்டை. சவ்வு சுத்தியிருக்குங்கறது அதுல வரவே இல்ல. 'அடர்கரு நுண்குமிழ்', 'தெளி நுண்குமிழ்'னு அடைமொழி கொடுத்தாப் போச்சு.

மூத்தவாசகன்:
மாணவர் தேர்வில் எழுதும் சொல்தான் கலைச்சொல். ஆளுக்கு ஒன்றாகப் புதிதாகச் செய்துகொண்டிருந்தால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

அலைக்காட்டி:
தேர்வுல இருக்கற சொல் பொருளைத் தப்பாக் காட்டினா அதை மாத்தணும் சார். படிக்கிற பிள்ளை பெரிசையும் சின்னதையும் ஒண்ணுன்னு நினைச்சுடக் கூடாது.

மின்முனை:
சொல் விவாதத்துக்குத் தனி இழை போடுங்க, நானும் வரேன். ஆய்வுமேசை, பொட்டாசியம் கொடுத்துப் பார்த்தீங்களா?

ஆய்வுமேசை:
பார்த்தேன். அஞ்சாவது குழாய்க்கு அப்புறம் 50 மில்லிமோலார் கொடுத்ததும், முதல் குழாயை விட மேல போச்சு. இன்னிக்கு 20-க்கு 20 வச்சு அதே 6,000 துடிப்பு கொடுத்தேன். பத்தாவது குழாயிலயும் முதல் குழாய்ல பாதிக்கு மேல இருக்கு. கிராஃப் போட்டாச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மின்முனை:
சந்தோஷம். அந்தக் குழாய்களைக் கொட்டிடாதீங்க, பின்மடலோட இன்னொரு ஹார்மோனான ஆக்சிடோசினும் அளந்து பாருங்க. தாய் எலிகிட்ட குட்டிகள் பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் நியூரான்கள் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு முதல் நாலு வினாடி மட்டும் சேர்ந்து வேகமாத் துடிக்கும். 20-க்கு 20 அதுக்கும் ஒத்துவருமான்னு உங்க குழாய்லயே தெரிஞ்சிடும். மிச்சம் எவ்வளவு இருக்கு?