அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்

சாத்தூர்க்காரி கேட்டது:

அம்மாவுக்கு 78 வயது. மறதி நோய் என்று தெரிந்து 3 வருடம் ஆகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் 32 வருடம் டீச்சராக இருந்தவள். சாயங்காலமானால் தவிப்பு வந்துவிடும். "மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். அவளே சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டின் வாசல் அது.

போன செவ்வாய்க்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா மளிகைக் கணக்கு நோட்டை விரித்து வைத்து வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எங்கள் யாருக்கும் தெரியாத பெயர்கள். பாவம், யாராவது பதில் சொல்லட்டுமே என்று என் கணவர் "உள்ளேன் டீச்சர்" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "உட்கார்ந்துக்கிட்டா சொல்றது? எந்திரிச்சு நின்னு சொல்லு" என்றாள். 54 வயது மனிதர் சோற்றுக் கையோடு எழுந்து நின்று கைகட்டி இன்னொரு முறை சொன்னார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். வந்திருந்த சித்தி, "பெத்தவ இப்படிக் கெடக்குறப்ப உனக்குச் சிரிப்பு வருதா?" என்று கேட்டார். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டேன். ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. நான் செய்தது தப்பா?

இரவு டியூட்டி எழுதியது:

முதியோர் பராமரிப்பில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த நோயில் பெரும்பாலும் சமீபத்திய நினைவுதான் முதலில் அழியும், பழசு நெடுநாள் நிற்கும். அதனால்தான் நேற்றுச் சாப்பிட்டது போய்விட்டது, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. இன்னொன்று, நடந்தது மறந்தாலும் அப்போது வந்த உணர்வு சீக்கிரம் போகாது. அன்று வீடே சிரித்திருந்தால் அந்தத் தெம்பு அம்மாவிடம் கொஞ்ச நேரமாவது தங்கியிருக்கும். சிரிப்பது அவர்களோடு சேர்ந்தா, அவர்களை ஒதுக்கிவிட்டா என்பதை மட்டும் பாருங்கள்.

வாசலில் நிற்கும்போது "இதுதாம்மா உங்க வீடு" என்று வாதாட வேண்டாம், பயம்தான் கூடும். "டீ குடிச்சிட்டுப் போலாம் டீச்சர்" என்று சொல்லிப் பாருங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். குழப்பம் திடீரென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு அப்படியும் வரும்.

பழைய தமிழாசிரியர் எழுதியது:

மனத்தில் எழுந்து உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை மெய்ப்பாடுகள் என்பார்கள். தொல்காப்பியம் அவை எட்டு என்கிறது. முதலில் வருவது நகை, அதாவது சிரிப்பு, அதை ஒட்டி அடுத்ததாகவே அழுகை. நீங்கள் சாப்பாட்டு இடத்திலிருந்து அடுப்படிக்குப் போன தூரம்தான் இரண்டுக்கும் நடுவே. நகை பிறக்கும் இடங்களாக நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல், அதாவது கேலி, நான்கில் ஒன்றுதானம்மா. குழந்தைத்தனத்தைப் பார்த்து வரும் சிரிப்புக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. உங்கள் சித்தி கேட்டது எள்ளலை நினைத்து. நீங்கள் சிரித்தது அதனால் இல்லை. மாப்பிள்ளை கைகட்டி நின்றாரே, அவருக்கு என் வணக்கம்.

தேனிக்காரன் எழுதியது:

என் அப்பா கம்பம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கம்பம் எத்தனை? கம்பம்!" என்று ராத்திரியெல்லாம் கேட்பார். நான் ஆறு மாதம் அவரோடு சண்டை போட்டேன். "அப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்று சொல்வேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பது மாதிரி அவர் முகம் செத்துப்போகும். தினம் தினம் நான்தான் அவரை வேலையைவிட்டு அனுப்பினேன்.

என் மகளுக்கு அப்போது 4 வயது. ஒரு நாள் அவளே போய் பத்து ரூபாயை நீட்டி, "ரெண்டு கம்பம் குடுங்க தாத்தா" என்றாள். அப்பா நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதி, "சில்லறை இல்ல பாப்பா, இறங்குறப்ப வாங்கிக்கோ" என்று கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தாள் என் பர்ஸில் இருக்கிறது. நீங்கள் சிரியுங்கள் அக்கா. நான் சிரிக்காமல் போன ஆறு மாதம்தான் எனக்கு வலிக்கிறது.

சாத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன், பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்று ராத்திரியும் அம்மா நோட்டை எடுத்தாள். நானும் உள்ளேன் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன் பெயரைக் கூப்பிட்டாள். இவர் வாயைத் திறக்கும் முன்பே, "அவன் வரமாட்டான். தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில ஏத்திட்டாங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடியும் முன் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிற்சாலை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் அந்த வண்டிகள். இருட்டோடு அம்மா கிளம்பிப் போவதும். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

நோட்டை மூடிவிட்டு, நாலு மணிக்கு எழுப்பிவிடச் சொன்னாள். "வண்டி வர்றதுக்குள்ள அவங்க வீட்டுக்குப் போயிரணும்."

சரி டீச்சர் என்றேன்.