பார்க்கிங் சலானில் எந்த நேரம் அச்சாகணும்: படம் எடுத்த நேரமா, சர்வருக்கு வந்த நேரமா?

கெடிலக்கரை

போன வாரம் இ-சலான் இழையில் முத்தியால்பேட்டை சார் இப்படி எழுதியிருந்தார்: "நகராட்சி பார்க்கிங் சாஃப்ட்வேர்ல சர்வர் நேரம் ஒண்ணுதான் நம்பகம். கைக்கருவி நேரத்தை எவன் வேணும்னாலும் மாத்துவான். சலான்ல சர்வர் நேரம்தான் அச்சாகணும்." அதற்குக் கீழே ஆளாளுக்கு ஆமாம் போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

புதுச்சேரி பீச் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி கூடாது. ஊழியர் 5.50க்கு ஒரு சுற்று வந்து, நிற்கிற கார்களை எச்சரிக்கைப் பதிவாகப் படம் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டேட்டா நகரவில்லை. பதிவு கருவியிலேயே வரிசையில் நிற்கிறது, 6.20க்குத்தான் சர்வருக்குப் போய்ச் சேருகிறது. கார்க்காரர் 5.55க்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். சர்வர் நேரத்தை வைத்தால் அவர் 6.20க்குத் தடை நேரத்தில் நின்றதாகச் சலான் வரும். செய்யாத குற்றத்துக்கு அபராதம். இதைத்தான் நம்பகம் என்கிறீர்களா?

முத்தியால்பேட்டை

நான் எழுதினது அப்படியே நிக்குது, ஒரு எழுத்து மாத்த மாட்டேன். கைக்கருவின்னா என்ன? ஆண்ட்ராய்டு போன், பின்னாடி ஒரு பிரிண்டர். செட்டிங்ஸ்ல போய் தானியங்கி நேரத்தை அணைச்சா காலையில எடுத்த படத்துக்குச் சாயங்கால நேரம் போட்டுடலாம். பேட்டரி முழுசா செத்து எழுந்தா சில கருவி 1970 ஜனவரி 1ன்னு காட்டும். இதையா கோர்ட்ல கொண்டுபோய் நிறுத்துவீங்க? சர்வர் கடிகாரம் ஊருக்கே ஒண்ணு, ஊழியர் கை அதுல படாது. சிக்னல் இல்லையா, சலான் போடாதே. முடிஞ்சது.

உப்பளம்

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. எதைப் பத்திப் பேசுறோம்? குத்தகைதாரர் ஆள் ஸ்டாண்டுல குடுக்கிறது கட்டண ரசீது. தடை இடத்துல நிறுத்தினதுக்கு அதிகாரம் உள்ளவர் போடறது அபராதச் சலான். ரெண்டும் வேற கருவி, வேற சட்டம். ஆளை இறக்கிவிட ஒரு நிமிஷம் நின்னா அது நிறுத்தமா இல்லையா? இதை வரையறுக்காம நேரத்தைப் பத்திச் சண்டை எதுக்கு?

கெடிலக்கரை

முத்தியால்பேட்டை சார், செட்டிங்ஸில் மாற்றலாம் என்று சொல்கிறவர் ஆண்ட்ராய்டில் இரண்டு கடிகாரம் இருப்பதைச் சொல்லவில்லையே, ஏன்? சுவர்க் கடிகாரம் ஒன்று, அதை மாற்றலாம். கருவி ஆன் ஆனதிலிருந்து ஓடுகிற எண்ணி இன்னொன்று, அதை செட்டிங்ஸில் தொடவே முடியாது. காலையில் ஊழியர் லாகின் செய்யும்போது சர்வர் நேரத்தை ஒருமுறை வாங்கி, அந்த நொடியில் எண்ணி எவ்வளவு காட்டுகிறது என்று சேர்த்துச் சேமிக்க வேண்டும். அதற்குப் பிறகு படம் எடுத்த நேரம் என்பது லாகின் நேரத்தோடு எண்ணியின் வித்தியாசத்தைக் கூட்டியது. ஊழியர் கடிகாரத்தை 10 மணிநேரம் தள்ளி வைத்தாலும் இந்தக் கணக்கு அசையாது. கூடவே ஜிபிஎஸ் நேரத்தையும் பதிவில் வைக்கலாம். அது உலகப் பொது நேரமான யூடிசியைவிட 18 விநாடி முன்னால் ஓடும், ரிசீவர் கழித்துக் கொடுத்துவிடும்.

சர்வர் கடிகாரம் ஊருக்கே ஒன்று என்றீர்களே, அது பெரும்பாலும் யூடிசியில் ஓடுகிறது. இந்திய நேரத்துக்காக 5.30 மணிநேரம் கூட்ட மறந்த ரிப்போர்ட்டில் சாயங்காலம் 6.10க்குப் போட்ட சலான் மதியம் 12.40 என்று வரும். மதியம் 12.40க்கு பீச் ரோட்டில் வண்டி போகத் தடையே இல்லை. விடியற்காலை 4 மணிக்குப் போட்டது முந்தின நாள் ராத்திரி 10.30 ஆகிவிடும், தேதியே மாறிவிடும்.

தேவனாம்பட்டினம்

ரெண்டு மணிநேரம்தான் நிறுத்தலாம்னு போர்டு இருக்கிற இடத்துக்கு நேரம் மட்டும் போதாது. அதே வண்டி போயிட்டு வந்து அதே இடத்துல நின்னிருக்கலாம். முதல் சுற்றுல டயர் வால்வு எந்தப் பக்கம் இருக்குன்னு குறிக்கணும், கடிகார முள் மாதிரி. முன் டயர் 2 மணி, பின் டயர் 7 மணி. அடுத்த சுற்றுலயும் ரெண்டு டயரும் அப்படியே இருந்தா வண்டி நகரலை. போயிட்டு வந்த வண்டிக்கு ரெண்டு வால்வும் அதே இடத்துல வந்து நிக்கிறது அபூர்வம். திருப்புறப்போ வெளிச் சக்கரம் கூடுதலா சுத்தும்ல. சாஃப்ட்வேர்ல இதுக்கு ரெண்டு கட்டம் வேணும். படத்துலயும் ரெண்டு டயரும் தெரியணும்.

கெடிலக்கரை

தேவனாம்பட்டினம் அண்ணே, நீங்கள் சொன்னதிலேயே என் கட்சி ஜெயித்துவிட்டது. முதல் படம் 10.05. இரண்டாவது படம் 12.20. இடைவெளி இரண்டேகால் மணிநேரம், குற்றம் உறுதி. சிக்னல் இல்லாமல் இரண்டு படமும் 12.30க்கு ஒன்றாகச் சர்வருக்குப் போகிறது. முத்தியால்பேட்டை சார் நேரப்படி இரண்டு படத்துக்கும் இடைவெளி நாலு விநாடி. யாருக்கும் அபராதமே போட முடியாது. இதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

முத்தியால்பேட்டை

பதில் முதல்லயே சொல்லியாச்சு. சிக்னல் இல்லைன்னா போடாதே. அப்புறம் உங்க எண்ணிக் கதை. கருவியை அணைச்சு ஆன் பண்ணினா எண்ணி சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். பெரிய மார்க்கெட் உள்ளே கூரைக்கடியில ஜிபிஎஸும் பிடிக்காது. அப்போ மிச்சம் என்ன? அதே சுவர்க் கடிகாரம், எவன் வேணும்னாலும் மாத்துற கடிகாரம். கடைசியில சர்வர்கிட்டதான் வந்து நிக்கணும். ஒத்துக்கோங்க.

கெடிலக்கரை

ஒத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மறுபடி ஆன் ஆன கருவி சர்வரிடமோ ஜிபிஎஸ்ஸிடமோ நேரம் வாங்கும்வரை புதுப் பதிவு எடுக்கக் கூடாது. திரையில் சிவப்புப் பட்டை வந்து பொத்தான் முடங்க வேண்டும். ஊழியர் செட்டிங்ஸுக்கே போக முடியாதபடி அந்த ஒரு செயலி மட்டும் திறக்கும் முறையில் கருவியைப் பூட்டுகிற வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. கடிகாரத்தைச் சரிபார்க்க சர்வர் வேண்டும் என்பது ஒன்று, சலானில் சர்வர் நேரத்தை அச்சிடுவது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சட்டத்தையும் பாருங்கள். மின்னணுக் கருவி வைத்துப் போடுகிற சலானுக்கான மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, 2021ல் வந்தது, குற்றம் நிகழ்ந்ததிலிருந்து 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்கிறது. நிகழ்ந்ததிலிருந்து. சர்வருக்குத் தெரிந்ததிலிருந்து இல்லை. சர்வர் நேரத்தை வைத்தால் மூன்று நாள் கழித்துச் சர்வருக்கு வந்துசேர்ந்த பதிவுக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்துவிடும்.

முத்தியால்பேட்டை

167ஏ கேமராவுக்கு. கைக்கருவிக்கு இல்லை.

கெடிலக்கரை

அந்த விதியில் மின்னணுக் கருவி என்பதற்கு உடலில் மாட்டுகிற கேமராவும் அடக்கம். மாநில அரசு குறிப்பிடுகிற வேறு தொழில்நுட்பமும் அடக்கம். தடை இடத்தில் நிறுத்துவது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122, அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பாதியைப் படித்துவிட்டுப் பேசுவது உங்களுக்குப் புதுசு இல்லை. குப்பை வண்டி ஜிபிஎஸ் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

முத்தியால்பேட்டை

ஆரம்பிச்சுட்டாரு. குப்பை வண்டி இழையில தப்பு யார் பண்ணினதுன்னு அங்கே இருந்தவங்களுக்குத் தெரியும். கடலூர்ல உட்கார்ந்துகிட்டு எங்க பீச் ரோட்டுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க. முதல்ல உங்க லாரன்ஸ் ரோட்டுல டூவீலரை வரிசையா நிறுத்த வையுங்க.

நெல்லித்தோப்பு

டூவீலர்னு சொன்னதால ஒண்ணு. நம்பர் பிளேட்டைக் கேமரா தானா படிக்கும்னு நம்பி டெண்டர் போடறவங்க நேரு வீதியில ஒரு தடவை நடந்து பார்க்கணும். ஒண்ணோட ஒண்ணு உரசி நிக்கிற வண்டியில பின் பிளேட் பாதிதான் தெரியும். 8ஐ பி-ன்னும் 0வை ஓ-ன்னும் படிக்கும். திருத்தறதுக்கு வழி இருக்கு. PY01, TN31ன்னு வர்றப்போ முதல் ரெண்டும் எழுத்து, அடுத்த ரெண்டும் எண், கடைசி நாலும் எண்தான். நடுவுல வர்ற வரிசை எழுத்துல ஐ-யும் ஓ-வும் பொதுவா குடுக்கிறதில்லை. இடத்தை வச்சே மென்பொருள் மாத்திக்கலாம். எல்லா மாநிலத்துக்கும் செல்லுற பிஎச் வரிசை மட்டும் வருஷ எண்ல ஆரம்பிக்கும், அதுக்குத் தனி விதி எழுதணும். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில உயர் பாதுகாப்புப் பிளேட் இருக்கு, ஓரளவு படிக்கும். பழைய வண்டியில வளைச்சு வளைச்சு எழுதினது எதுவும் தேறாது. ஊழியர் கண்ணால பார்த்து உறுதி பண்ணாம சலான் போகவே கூடாது.

கெடிலக்கரை

நெல்லித்தோப்பு சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிளேட் தப்பினால் வாகன் என்கிற அரசு வண்டிப் பதிவுத் தரவில் வண்டி நிறமும் மாடலும் பொருந்தாது, பார்த்தவுடன் பிடிபடும். நேரம் தப்பினால் சலான் போடும்போது பிடிக்க ஒரு வழியும் இல்லை. அதனால்தான் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

காலை 10 மணிக்கு மிஷன் வீதியில் எடுத்த படம் சாயங்காலம் 5 மணிக்குச் சர்வருக்கு வருகிறது. அதே காருக்கு மதியம் 12க்கு வேறொரு கருவி போட்ட சலான் உடனே ஏறிவிட்டது. சர்வர் கண்ணுக்கு 12 மணி முதல் குற்றம், 5 மணி இரண்டாவது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177ல் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1500 வரை. 5 மணிக்கு அந்தக் கார் டோல் கேட் தாண்டினதை ஃபாஸ்டேக் பதிவு காட்டும். உரிமையாளர் அதை எடுத்துப் போய் நீட்டினால் அந்தச் சலான் மட்டுமா போகும்? அன்றைக்கு அந்தக் கருவி போட்ட அத்தனைக்கும் மதிப்புப் போகும்.

இன்னொன்று. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்டுவதற்கான பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63ன் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடுகிற கைரேகை மாதிரியான மதிப்பு, எழுத வேண்டும். அதைப் படம் எடுத்த நொடியிலேயே கருவியில் கணக்கிட்டு, நேரத்தையும் இடத்தையும் சேர்த்து மின்னணுக் கையொப்பமிட வேண்டும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சர்வர் படத்தைச் சுருக்கிச் சேமித்தால் ஹாஷ் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றினாலும் மாறும், படத்துக்குள் இருக்கும் நேரத் தகவலும் அழிந்துபோகும். மூலப்படம் அப்படியே இருக்க வேண்டும், காட்டுவதற்குத் தனி நகல். ஹாஷ் எந்த நொடியில் பிறக்கிறதோ அந்த நொடிதான் சலானின் நேரம்.

உப்பளம்

கட்டணமா அபராதமான்னு இன்னும் யாரும் சொல்லலை.

வில்லியனூர்

ரெண்டு நேரத்தையும் தரவில் தனித்தனி நெடுவரிசையாக வைத்தால் தீர்ந்தது. வித்தியாசம் பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் மேலதிகாரி பார்த்த பிறகு சலான். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

கெடிலக்கரை

வைக்கலாம் தம்பி, வைக்கத்தான் வேண்டும். வண்டிக்காரர் கையில் போகிற சீட்டில் எது?

முத்தியால்பேட்டை

சர்வர் நேரம்.

கெடிலக்கரை

10.05, 12.20. இரண்டும் சர்வருக்கு 12.30. இன்னும் பதில் இல்லை.

தேவனாம்பட்டினம்

சீட்டுன்னதும் ஞாபகம் வருது. 58 மில்லிமீட்டர் பிரிண்டர்ல தமிழ் எழுத்து நேரா வராது, எழுத்துரு அதுல கிடையாது. முழுச் சீட்டையும் 384 புள்ளி அகலப் படமா மாத்தி அனுப்பணும். அப்படி அனுப்பினா அச்சு மெதுவாகும், பேட்டரி குடிக்கும். அதுக்காக இங்கிலீஷ்லயே குடுத்துட்டா வண்டிக்காரருக்கு எதுக்கு அபராதம்னே புரியாது. தலைப்பையும் குற்றத்தையும் மட்டும் தமிழ்ப் படமா முன்கூட்டியே ஏத்திவச்சு, வண்டி எண்ணையும் நேரத்தையும் பிரிண்டர் எழுத்துல அடிச்சா வேகமா வரும்.

முத்தியால்பேட்டை

வெப்பத்தாள்ல அடிச்சது வண்டிக்குள்ள வெயில்ல கிடந்தா கறுத்துப்போகும், எந்த நேரம் அடிச்சா என்ன? உண்மையான ஆவணம் சர்வர்ல இருக்கிறதுதான். அதனாலதான் சர்வர் நேரம்னு சொல்றேன். ரெண்டாவது, மீண்டும் அனுப்புன்னு ரெண்டு தடவை அழுத்தினா ஒரே வண்டிக்கு ரெண்டு சலான் ஏறுதே, அதைத் தடுக்கிறது யாரு? சர்வர்.

கெடிலக்கரை

இல்லை. கருவி. படம் எடுக்கும்போதே கருவி ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். கருவிக்கு 500 எண் என்று முன்னாலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் இரண்டாவதாக ஏற்றாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். எண் பிறப்பதும் களத்தில், நேரம் பிறப்பதும் களத்தில். சர்வர் வாங்கி வைக்கிற இடம் மட்டும்தான்.

நெல்லித்தோப்பு

சக்கரத்துல பூட்டு போடறதையும் இந்தச் செயலியிலயே சேர்க்கணும்னு போன இழையில ஒருத்தர் கேட்டாரு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 127ல அதுக்கு அனுமதி தர்றது சீருடையில இருக்கிற காவல் அதிகாரி. நகராட்சி ஊழியர் லாகின்ல அந்தப் பொத்தானே இருக்கக் கூடாது.

முத்தியால்பேட்டை

அதே பிரிவுல கேட்பாரில்லாம 10 மணிநேரம் நிக்கிற வண்டின்னு இருக்கு. அந்த 10 மணிநேரத்தை மாத்தக்கூடிய கடிகாரத்துலயா எண்ணுவீங்க? ஒரே கேள்வி. கைக்கருவி நேரத்தை மாத்தலாமா, முடியாதா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

கெடிலக்கரை

சுவர்க் கடிகாரத்தை மாற்றலாம், எண்ணியை மாற்ற முடியாது. மறுபடியும் எழுதுகிறேன். நீங்கள்தான் முதல் படம் 10.05, இரண்டாவது 12.20க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை

மாத்தலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

கெடிலக்கரை

எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியமும் அதில் தெரிகிற மாதிரி எடுங்கள். 10.05. 12.20.