கனோசா வாசலில் மூன்று நாள்: நின்றாரா, இல்லையா?

ஓலைக்கட்டு:
பக்கத்து இழையில் அருள்நெறி போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "இடைக்காலத்தில் திருச்சபை அரசர்களுக்கு அறிவுரை சொன்னது, அவ்வளவுதான். போப்பின் வாசலில் ஒரு பேரரசர் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றார் என்பதெல்லாம் பாடப்புத்தகக் கதை." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் பதில் இங்கே.

கதை இல்லை ஐயா. ஆயர்களை (பிஷப்புகளை) நியமிப்பது ராஜாவா போப்பா என்ற சண்டையில், 1076 ஜனவரியில் ஜெர்மனியை ஆண்ட நான்காம் ஹென்றி அந்நாட்டு ஆயர்களை வோர்ம்ஸ் நகரில் கூட்டி, ஏழாம் கிரகோரி போப்பே இல்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே கிரகோரி அவரைச் சபைவிலக்கு செய்தார், அதாவது திருச்சபையிலிருந்தே தள்ளிவைத்தார். அதோடு விடவில்லை, ஹென்றிக்குக் குடிகள் செய்த விசுவாசப் பிரமாணம் இனி செல்லாது என்றார். அக்டோபரில் ட்ரிபூரில் கூடிய ஜெர்மன் பிரபுக்கள், ஒரு வருடத்துக்குள் விலக்கை நீக்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு ராஜா என்றார்கள். நடுக்குளிரில் மனைவியையும் சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு மோன் செனி கணவாய் வழியாக அவர் ஆல்ப்ஸ் தாண்டியது எதற்கு, அறிவுரை கேட்கவா? 1077 ஜனவரி 25 முதல், இத்தாலியில் போப் தங்கியிருந்த கனோசா கோட்டை வாசல். மூன்று நாள். வெறுங்கால். கம்பளி உடை. இதைச் சொல்வது கிரகோரியே, ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில்.

அருள்நெறி:
என் பெயரைப் போட்டே கடை திறந்ததற்கு நன்றி. ஜனவரிக் குளிரில் மலைமேல் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றவனுக்குக் கால் மிஞ்சுமா? இந்த ஹென்றி அப்புறம் 1106 வரை உயிரோடிருந்து போர்மேல் போர் செய்தார். இந்தக் கதையை உருக்கமாக ஊதிப் பெருக்கியவர் ஹெர்ஸ்ஃபெல்டு மடத்துத் துறவி லாம்பெர்ட். அவருக்கு ஹென்றியைக் கண்டாலே ஆகாது.

ஓலைக்கட்டு:
நான் லாம்பெர்ட் பெயரையே எடுக்கவில்லை. கடிதம் என்றேன். கடிதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

மைக்கூடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திருச்சபையின் 'அதிகாரம்' என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? படையா, நிலமா, நரக பயமா, இல்லை அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குருக்களாகவே இருந்ததா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

ஓலைக்கட்டு:
அதைப் பிறகு பார்க்கலாம். மூன்று நாள் நின்றாரா, இல்லையா?

அருள்நெறி:
சரி, கடிதத்துக்கே வருகிறேன். கிரகோரி அதை ஏன் எழுதினார்? பிப்ரவரி 2-ல் ஆக்ஸ்பர்கில் கூடி ஹென்றியின் தலைவிதியை முடிவு செய்வதாகப் பிரபுக்களோடு பேச்சு. போப்பும் அங்கே போகத்தான் கிளம்பியிருந்தார். வழியில் ஹென்றி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் தன் ஆதரவாளரான மெட்டில்டா சீமாட்டியின் கனோசா கோட்டைக்குள் ஒதுங்கினார். கடைசியில் பிரபுக்களைக் கேட்காமலே மன்னித்தும்விட்டார். அவர்கள் கோபத்தைத் தணிக்க என்ன எழுதுவார்? "நான் லேசில் விடவில்லை, மூன்று நாள் நிற்கவைத்தேன்" என்றுதானே? கட்சிக்காரர் எழுதிய வாக்குமூலத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பகுத்தறிவுவாதியை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஓலைக்கட்டு:
திருத்தந்தை பொய் சொன்னார் என்று நீங்களே சொல்கிறீர்கள். இதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அதே கடிதத்தில், கூட இருந்தவர்கள் தன் கல்மனதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், சிலர் இது கொடுங்கோலனின் கொடூரம் என்றே கத்தினார்கள் என்றும் எழுதுகிறார். பொய் எழுதுகிறவன் தன்னைத் திட்டியதையும் சேர்த்தா எழுதுவான்?

அருள்நெறி:
எழுதுவான், தான் கறாரானவன் என்று காட்ட. அது கிடக்கட்டும், கடிதத்தில் பனி எங்கே?

ஓலைக்கட்டு:
பனி என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படித்துப் பாருங்கள். ஆனால் கேட்டதால் சொல்கிறேன்: அந்த வருடம் ரைன் நதியே உறைந்து ஜனங்கள் அதன்மேல் நடந்து போனார்கள்.

அருள்நெறி:
அதை எழுதியவர் யார் தெரியுமா? நீங்கள் பெயரே எடுக்காத லாம்பெர்ட்.

கல்வெட்டுக்காரன்:
ஒரு திருத்தம். 1077-ல் ஹென்றி பேரரசர் இல்லை, ஜெர்மானிய ராஜா. பேரரசராக முடிசூடியது 1084-ல் ரோமில், அதுவும் அவர் ஆளாகக் கொண்டுவந்த போட்டிப் போப் மூன்றாம் கிளெமென்ட் கையால். ஆக, பேரரசர் யாரும் கனோசா வாசலில் நிற்கவில்லை. இரண்டு பேர் பேச்சும் முதல் வரியிலேயே தப்பு.

ஓலைக்கட்டு:
வந்துவிட்டாரையா. கான்ஸ்டன்டைன் கொடைப் பத்திர இழையில் இவர் செய்தது நினைவிருக்கிறதா? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமையும் மேற்குத் திசை முழுவதையும் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு போலிப் பத்திரம். அதை வைத்துச் சபை எத்தனை நூற்றாண்டு உரிமை கொண்டாடியது என்று நான் கேட்டால், இவர் அது எட்டாம் நூற்றாண்டா ஒன்பதாம் நூற்றாண்டா என்று பக்கம் பக்கமாக இழுத்தார். 1440-ல் அறிஞர் லோரென்சோ வல்லா அது போலி என்று காட்டிக் கிழித்துப் போட்டதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கல்வெட்டுக்காரன்:
ஏனென்றால் நீங்கள் அதை 'வாலா' என்று எழுதியிருந்தீர்கள்.

முத்துச்சிப்பி:
இத்தாலிக் கோட்டை எதற்கு? ஆயரை நியமிப்பது ராஜாவா போப்பா என்ற இதே சண்டை மயிலாப்பூரிலேயே நடந்ததே. போப் தந்த பதுரவாதோ என்ற நியமன உரிமையில் இங்கே ஆயரைக் கைகாட்டியது போர்ச்சுகல் ராஜா. 1838-ல் போப் பதினாறாம் கிரகோரி மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பிடுங்கினார். போர்ச்சுகல் பக்கம் நின்ற கோவா குருக்கள் அந்த ஆணையை ஏற்கவே இல்லை. போப் ஆணைக்கு அடங்காதவர்கள் யார்? குருமாரே!

ஓலைக்கட்டு:
வேறு கிரகோரி, வேறு நூற்றாண்டு. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

அருள்நெறி:
ஏன், நல்ல செய்திதானே? பிடிக்காத ஆதாரம் என்றால் உடனே தனி இழையா?

இன்னொன்றும் கேளுங்கள். கனோசாவில் ஜெயித்தது யார்? மன்னிப்பை வாங்கிக்கொண்டு ஹென்றி ஊருக்குப் போய்ப் படை திரட்டினார். 1080-ல் கிரகோரி மறுபடி விலக்கினார், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரபுக்கள் நிறுத்திய எதிர்ராஜா ருடால்ஃப் அதே வருடம் போரில் வலது கையை இழந்து செத்தார். 1084-ல் ஹென்றி ரோமுக்குள் நுழைந்தார். கிரகோரியைக் காப்பாற்ற வந்த நார்மானியப் படையே நகரத்தைச் சூறையாட, ரோமாபுரி மக்கள் முகத்தில் விழிக்க முடியாமல் அவர் தெற்கே போய் 1085-ல் சலேர்னோவில் கண்ணை மூடினார். இதுதான் உங்கள் சர்வ வல்லமையா?

ஓலைக்கட்டு:
கேள்வி 1084 இல்லை, 1077. மூன்று நாள்.

ஆனாலும் சொல்கிறேன். 1106-ல் ஹென்றி செத்தபோது விலக்கிலேயே செத்தார். ஸ்பெயர் பேராலயத்தில் முன்னோர் பக்கத்தில் புதைக்க 1111 வரை விடவில்லை. அதுவரை புனிதப்படுத்தாத சிற்றாலயத்தில் கிடந்தது உடல். பிணத்தைக்கூட விடாதவர்கள் அறிவுரைதான் சொன்னார்களாம். 1872-ல் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் நாடாளுமன்றத்தில் எழுந்து "கனோசாவுக்கு நாங்கள் போகமாட்டோம்" என்றாரே, எண்ணூறு வருடமாகியும் அந்த அவமானம் எரிந்துகொண்டிருந்ததால்தானே?

அருள்நெறி:
பிஸ்மார்க் கத்தோலிக்கர்களை ஒடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பேசியது அது. உங்களுக்குப் பிடித்த சாட்சிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்கள்.

மைக்கூடு:
1122 வோர்ம்ஸ் உடன்படிக்கையை யாராவது தொடுவீர்களா? ஆயருக்கு மோதிரமும் கோலும் சபை தரும், நிலபுலனுக்கான செங்கோலை ராஜா தருவார் என்று பிரித்துக்கொண்டார்கள். அதிகாரம் யாரிடம் எவ்வளவு இருந்தது என்று அளக்க அதுதானே நல்ல இடம்?

அருள்நெறி:
நல்ல செய்தி, பிறகு வருகிறேன். ஓலைக்கட்டு அவர்களே, லாம்பெர்ட் சொல்வதன்படியே ஹென்றி காலையிலிருந்து மாலை வரை பட்டினியாக நின்றார். மாலை வரை! அப்படியென்றால் ராத்திரி எங்கேயோ அடுப்போரம் படுத்திருக்கிறார். மூன்று பகல் வந்து போனதை மூன்று நாள் என்று முழங்குகிறீர்கள்.

ஓலைக்கட்டு:
ஹா. ஆகாத துறவி என்று விரட்டிய லாம்பெர்ட்டையே இப்போது கூண்டில் ஏற்றுகிறீர்கள். சரி, ஏற்றுங்கள். அதே லாம்பெர்ட் 'வெறுங்கால்' என்றும் சொல்கிறாரே, அதை மட்டும் தள்ளுபடி செய்வீர்களா?

இன்னொன்று. 1075-ல் கிரகோரியின் பதிவேட்டில் ஏறிய 27 வாக்கியங்கள். பேரரசர்களைப் பதவியிலிருந்து இறக்கப் போப்புக்கு உரிமை உண்டு. இளவரசர்கள் எல்லாரும் அவர் பாதத்தை மட்டுமே முத்தமிட வேண்டும். ரோமத் திருச்சபை ஒருநாளும் தவறியதில்லை, தவறவும் போவதில்லை. எவ்வளவு பணிவான அறிவுரை!

அருள்நெறி:
பதிவேட்டுக்குள் கிடந்த குறிப்பு அது. நானும்தான் நாட்குறிப்பில் என்னென்னவோ எழுதுகிறேன்.

கல்வெட்டுக்காரன்:
27 என்ற எண் சரி.

ஓலைக்கட்டு:
உங்களிடம் சான்றிதழ் யார் கேட்டது?

நெறியாளர்:
நண்பர்களே, தனிப்பட்ட சீண்டல் வேண்டாம். கொடைப் பத்திர இழையின் பகையை இங்கே தொடர வேண்டாம். இன்னொரு முறை நடந்தால் இதையும் பூட்ட வேண்டியிருக்கும்.

ஓலைக்கட்டு:
பூட்டுங்கள், பரவாயில்லை. அதற்கு முன் அருள்நெறி ஒரே ஒரு பதில் தரட்டும். சுற்றி வளைக்காமல். 1077 ஜனவரி, கனோசா, மூன்று நாள், வெறுங்கால். ஆமா, இல்லையா?

அருள்நெறி:
பகலா, ராத்திரியும் சேர்த்தா?

ஓலைக்கட்டு:
ஆமா, இல்லையா?

அருள்நெறி:
பதில் வந்ததும் சொல்கிறேன்.