அம்மாவின் வருமானச் சான்றும் அடகு ரசீதுகளும்

அம்மா காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிறவர். மீன் வாங்கியவர்கள் அவரிடம் கொடுப்பார்கள். செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. முப்பது வருஷமாக இதே அருவாமனை வேலைதான். சம்பளச் சீட்டு என்று ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

ஐஸ் தூக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றும் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். அப்புறம் விஏஓ கூப்பிட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா கிடைக்கும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமைன்னா தொள்ளாயிரம் பாத்துடுவேன் சார்."

அவர் அதை முப்பதால் பெருக்கினார். மாதம் 27,000, வருஷத்துக்கு 3,24,000. அட்டைக்கு வழியில்லை.

வெளியே வந்து அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். அம்மா பொய் சொல்லவில்லை. உழைக்கிறவர்களைக் கேட்டால் நல்ல நாளைத்தான் சொல்வார்கள். "கம்மியா சொன்னா பிச்சை கேக்குற மாதிரி இருக்குதுடி" என்றார்.

அன்று ராத்திரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இறக்கி நடுவில் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீன் மட்டும்தான் வரும். புரட்டாசியில் பாதிப் பேர் மீன் பக்கமே வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசையும் அப்படித்தான். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகமே காலி. நடுவில் அம்மா விரலை வெட்டிக்கொண்டு பத்து நாள் வீட்டில் இருந்தார். இதையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால், 900 கிடைத்த ஞாயிறு 40. சுமார் 300 கிடைத்த நாள் 150. தடைக்காலத்திலும் புரட்டாசியிலும் 120 ரூபாயோடு திரும்பிய நாள் 50. மொத்தம் 87,000.

அந்தத் தாளோடு மறுபடி பதிந்தோம். "தடைக்காலத்துல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று விஏஓ கேட்டார். அம்மா பையிலிருந்து அடகுக்கடை ரசீதுகளை எடுத்து வைத்தார். ஆறு வருஷமாக ஒரே ஜோடி கம்மல், ஒவ்வொன்றிலும் மே மாதத் தேதி. நான் போட்ட கணக்கை விட அந்த ரசீதுகளைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். சான்று 87,000 என்றே வந்தது. ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுத்தோம், அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று.

★

அக்கா, நீங்கள் எழுதியதில் அம்மாவின் அடகு ரசீதுகளைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் வியாசர்பாடியில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறேன். எனக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. ஜிபே அட்டையைப் பையன் பெயரில் வாங்கி வண்டியில் ஒட்டியிருந்தேன், போன் அவனிடம்தானே இருக்கிறது என்று. இரண்டு வருஷக் காசும் அவன் கணக்குக்குப் போயிருக்கிறது. கடன் கேட்டபோது என் பாஸ்புக்கில் ஒன்றுமே இல்லை. நான் வேலையே செய்யாதவள் மாதிரி பார்த்தார்கள்.

கடைசியில் மாநகராட்சி கொடுத்த சாலையோர வியாபாரி அட்டைதான் கைகொடுத்தது. அதை வைத்து, சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் திட்டத்தில் அப்போது முதல் கடனாகக் கொடுத்த 10,000 வாங்கினேன், சம்பளச் சான்று கேட்கவில்லை. ஜிபேயையும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். ராத்திரி வண்டி கழுவியதும் நோட்டில் ஒரு பக்கம் வந்த காசு, மறுபக்கம் அரிசி, உளுந்து, கேஸ். 1,400 ரூபாய்க்கு விற்ற அன்று கையில் நின்றது 450. யாராவது கேட்டால் 450 தான் என் வருமானம், 1,400 இல்லை. இதை விளங்கிக்கொள்ளவே எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

அந்தச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும் அக்கா. கணக்குப் போட்ட தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?