மறு: மருந்து, மலை உயரம், எலியின் வேலைத்திறன் – சொல் வேண்டும்

வணக்கம் ஐயா,

> 'மயக்க மருந்தும் மலை உயரமும் விலங்குகளின் செயல்திறனைக் குறைக்கும்' என்று எழுதினால் போதாதா?

போதாது. மருந்தும் மலை உயரமும் எலியின் வேலைத்திறனை எப்படிப் பாதிக்கின்றன என்ற சோதனைகளைத் தமிழில் எழுதத்தானே சொல் தேடுகிறோம். மயக்க மருந்து என்றதும் சென்னையில் யாருக்கும் ஆபரேஷன் தியேட்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு பதற்றம் தணிக்கத் தரும் டயசிபாம், குளோர்பெனிரமின் போன்றவற்றைப் பற்றியது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அது மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது. ஆள் நினைவோடுதான் இருப்பார், பேசுவார். ஆனால் கிண்டி மேம்பாலத்தில் வண்டி ஓட்டவிடக் கூடாது. அந்த நிலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

நம் சொல்லாக்கக் குழுவில் அம்மா ஒருவர் முன்வைத்த 'மந்தமூட்டி' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வயிற்று மந்தம் குறுக்கே வருகிறது. 'அயர்வூட்டி' எப்படி? 'சற்றுக் கண்ணயர்ந்தேன்' என்று தினமும் சொல்கிறோம், விளக்கமே வேண்டாம்.

உயரத்துக்கு அயர்வு என்ற சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே காரணம் வேறு. இங்கிருந்து விமானத்தில் லடாக்கின் லே நகரில் போய் இறங்குகிறவர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதற்கு 'உயிர்வளிக்குறை' என்ற பழகிய சொல்லே போதும்.

அப்புறம் 'செயல்திறன் குறைவு'. எனக்குப் பெரிய மனக்குறை இதில்தான். இந்தச் சோதனைகளில் நெம்புகோல்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் எலிக்கு ஒரு உருண்டைத் தீனி விழும். நிமிடத்துக்கு எத்தனை அழுத்தல், அதில் எத்தனை தப்பு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பார்கள். மெதுவாக, ஆனால் பிசகாமல் அழுத்தும் எலியும் விறுவிறுவென்று தப்பாக அழுத்தும் எலியும் ஒன்றா? டயசிபாம் வகை மருந்துகளில், நன்றாகப் பழகிய வரிசை தாக்குப்பிடிக்கும் அளவிலேயே புதிதாகக் கற்கும் வரிசையில் தப்புகள் கூடிவிடும். 'குறைவு' என்ற ஒற்றைச் சொல் இதையெல்லாம் மூடிவிடுகிறது. பொதுவுக்குச் 'செயல்நலிவு', அதன் கீழே 'வேகநலிவு', 'செம்மைநலிவு' என்று வைப்போம். 'தளர்வு' வேண்டாம், ஊரடங்குத் தளர்வுக்குப் பிறகு அது சலுகை என்றே ஒலிக்கிறது.

சரி, இன்னொன்று. எலியை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் கலத்துக்கு 'அழுத்த அறை' என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத்தம் கூட்டும் அறையையும் அப்படியே சொல்கிறோம். 'குறையழுத்த அறை' என்று மாற்றிவிடுங்கள் ஐயா.