'இக்ரீஜஸ்' புகழ்ச்சியா, வசவா?

சொல்தேடி:
எங்கள் டீம் லீடர் வேலை மாறிப் போகிறார், வழியனுப்பு மடல் எழுதும் பொறுப்பு என் தலையில். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று ஆங்கிலத்தில் 'இக்ரீஜஸ் கான்ட்ரிபியூஷன்' (egregious contribution) என்று எழுதினேன். பழைய அகராதி ஒன்றில் 'தலைசிறந்த' என்றுதான் பொருள் போட்டிருந்தது. கூட வேலை செய்பவர் படித்துவிட்டு, அவர் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்கிறார். நாளைக்கு மடல் போயாக வேண்டும். எது சரி?

பழஞ்சொல்:
முதலில் அதை அழியுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள். அகராதி பொய் சொல்லவில்லை. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கிரெக்ஸ்' என்றால் மந்தை; மந்தையிலிருந்து தனித்துத் தெரிவதுதான் இந்தச் சொல். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது உயர்ந்த பொருளும் இருந்தது, ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கெட்ட பொருள் ஒட்டிக்கொண்டது. 'பெரிய மேதாவிதான் போ' என்று நாம் குத்துவதுபோல, கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே கவிழ்ந்திருக்கும் என்பது வழக்கமான விளக்கம். கிரிகேரியஸ் (கூட்டமாக இருக்க விரும்பும்), செக்ரிகேட் (தனியே பிரிப்பது), காங்கிரிகேஷன் (கூடிய கூட்டம்) எல்லாம் அதே மந்தையின் குட்டிகள்தான்.

வளைகோடு:
கணித மேதை காஸ் (Gauss) 1827இல் வளைபரப்புகளைப் பற்றி எழுதியபோது ஒரு தேற்றத்தை லத்தீனில் 'எக்ரீஜியம்' என்று குறிப்பிட்டார், அருமையான தேற்றம் என்ற பொருளில். கல்லூரியில் நான் அதை 'படுமோசமான தேற்றம்' என்று புரிந்துகொண்டேன், படித்துப் பார்த்தபோது பெயர் பொருத்தமாகத்தான் பட்டது. இத்தாலியக் கடிதங்களில் 'எக்ரேஜோ' இன்றும் மரியாதைச் சொல்.

செம்மை:
வரலாறு கிடக்கட்டும், இன்றைய ஆங்கிலத்தில் இது பிழை, விதிமீறல், அதிகார துஷ்பிரயோகம் போன்றவற்றுக்கு முன்னால்தான் வரும். சீரியஸ் என்றால் தப்பு பெரிது. இக்ரீஜஸ் என்றால் பெரிது என்பதோடு, யார் பார்த்தாலும் கண்ணில் அடிக்கிற தப்பு. தமிழில் 'அப்பட்டமான' கிட்டத்தட்ட ஒத்துவரும். ஒரு எழுத்துப்பிழைக்கு இதைப் போட்டால் சிரிப்பார்கள். நம்மிடமும் இந்தக் கதை உண்டே, திருப்பாவையில் 'நாற்றத் துழாய்' என்றால் மணக்கிற துளசி, இன்று யாரிடமாவது உங்களிடம் நல்ல நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

பழஞ்சொல்:
நாற்றம் கிண்டலால் கெட்டதில்லையே. இரண்டும் ஒரே வழியில் சரியவில்லை. மற்றபடி சரி.

சொல்தேடி:
நன்றி, 'அவுட்ஸ்டாண்டிங்' என்று மாற்றிவிட்டேன். அதற்கு 'இன்னும் தீர்க்காத பாக்கி' என்றும் பொருள் இருக்கிறதாம். இனி அனுப்பும்வரை அகராதியைத் திறக்கப்போவதில்லை.