மன்னித்த பிறகு பணத்தைக் கேட்கலாமா?

சேகரமன்ற_உறுப்பினர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில் ஒருவர் இன்னொருவரிடம் 1,20,000 ரூபாய் கைமாற்றாக வாங்கினார். திருப்பிக் கேட்டபோது வாங்கவே இல்லை என்று சாதித்தார். இப்போது மனம் வருந்தி "மன்னிச்சிடுங்க" என்கிறார். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்த திருவிருந்துக்குள் (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) இருவரையும் கைகுலுக்க வைத்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். கொடுத்தவரோ, "மன்னிக்கிறேன், ஆனா பணம் வரணும்" என்கிறார். அது மன்னிப்பாகுமா? எங்கே தொடங்குவது?

பாளை_உபதேசியார்:
ஆகும் ஐயா. பழிவாங்க மாட்டேன், அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்க மாட்டேன் என்று உள்ளத்தில் விட்டுவிடுவது மன்னிப்பு. அதை அவர் இன்றைக்கே ஜெபத்தில் செய்யலாம் (மாற்கு 11:25). எதிராளி வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்புரவாவதற்கு, அதாவது முறிந்த உறவு மறுபடி சேர்வதற்கு, இரண்டு பேரும் வேண்டும். நடந்தது நடந்தபடி சொல்லப்பட வேண்டும், எடுத்தது திரும்ப வேண்டும்.

லேவியராகமம் 6:1-7ஐக் கமிட்டியில் சத்தமாக வாசியுங்கள். உங்கள் வழக்கே அங்கே இருக்கிறது. அயலான் நம்பிக் கொடுத்ததை இல்லை என்று மறுத்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நாளில்தான் குற்றநிவாரண பலி. உங்கள் கணக்கில் கூடுதல் 24,000, மொத்தம் 1,44,000. இந்த ஐந்தில் ஒரு பங்கு, மறுத்துப் பொய் சொன்னதற்காக. வாங்கியதை ஒத்துக்கொண்டு, உண்மையிலேயே கையில் இல்லாமல் தவிக்கிறவரிடம் இதைக் கேட்கக்கூடாது. எளியவனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22:25 தடுக்கிறது. கொடுத்தவர் விரும்பினால் கூடுதலை, ஏன், முதலையே விட்டுக்கொடுக்கலாம் (1 கொரிந்தியர் 6:7). ஆனால் அது அவருடைய உரிமை. அவருக்காகக் கமிட்டி விட்டுக்கொடுக்க முடியாது.

முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்கிறது மத்தேயு 18:15-16. அந்த "இரண்டொருவர்" யார் என்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடும். இரு வீட்டுக்கும் சொந்தமில்லாத, இருவரிடமும் கடன்படாத, இருவரும் சரி என்கிற இரண்டு பேர் போதும். கமிட்டி முழுவதும் போய் உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும், தவறு செய்தவர் பழையபடி மறுக்கத் தொடங்குவார். ஆராதனைக்கு முன் வெஸ்ட்ரியில் (குருவானவர் ஆயத்தமாகும் அறை) அவசரமாகப் பேசவே வேண்டாம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்கிறவர் செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும்: "நான் வாங்கினேன். வாங்கலைன்னு பொய் சொன்னேன். உங்களை நாலு பேர் முன்னால பொய்யனாக்கினேன்." "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்று தொடங்கினால் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் மறுத்திருந்தால், அந்த நாலு பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.

மறைக்கல்வி_டீச்சர்:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்று. பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆயத்தத்தில் பரிகாரமும் உண்டு. திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சரிசெய்வது ஆகியவை பாவமன்னிப்புக்குப் பிறகும் கடமையாகவே நிற்கும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்துக் குருவானவர் சமரசம் பேச முடியாது. அந்த இரகசியத்தை அவர் எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாது. அவர் நடுவில் இருக்க வேண்டுமென்றால், வெளியே தனியாக மறுபடி சொல்ல வேண்டும்.

உபதேசியார் ஐயா சொன்ன முறையைத் தயவுசெய்து எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அடிக்கிற கணவனிடம் மனைவியைத் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது ஆபத்து. முதலில் அவள் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சபைக்குள் பேசி முடித்தோம் என்பது அங்கே செல்லாது. மன்னிக்கிறவர்கள் புகார் கொடுக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

கணக்கர்_தூத்துக்குடி:
பேசி முடித்ததை அன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள்: தொகை, தவணை, தேதி, இரு கையெழுத்து, இரண்டு சாட்சி. 1,44,000 என்றால் மாதம் 6,000 வீதம் 24 மாதம். கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலவரம்பு. சமாதானம் பேசிக்கொண்டே அது ஓடிவிடும். வரம்பு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

சேகரமன்ற_உறுப்பினர்:
நன்றி. 24 மாதமும் அவரைத் திருவிருந்திலிருந்து தள்ளி வைப்பதா? தவணை தவறினால்?

பாளை_உபதேசியார்:
தள்ளி வைக்க வேண்டாம். தான் செய்ததைச் சரிக்கட்ட மனதுள்ளவனைச் சேர்த்துக்கொள், முரண்டு பிடிக்கிறவனை நிறுத்து என்பதுதான் 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் விதி. தாளில் கையெழுத்திட்டு முதல் தவணை கட்டியவரை எந்தக் குருவும் தயங்காமல் அழைக்கலாம். அதற்குமுன் வேண்டாம்.

தவறினால் கொடுத்தவரே தனியாகப் போய் ஏன் என்று கேட்கட்டும். வேலை போயிருந்தால் 6,000த்தை 3,000 ஆக்கிக் காலத்தை நீட்டுங்கள். ஒளிந்தால் அதே இரண்டு சாட்சிகளோடு போங்கள். தவணைத் தேதியைச் சம்பளத்துக்கு மறுநாளாக வையுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் கையில் ஒன்றும் இருக்காது.